பாகப்பிரிவினைக்கு அளந்தது

மரம் கிடையாது இங்கே.
இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் ஸெவெரின்.
மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

தெற்குப் பிரான்ஸின் சுண்ணாம்புக்கல் மேடு.
காற்றுக்கு ஒதுங்கப் புதர்கூட இல்லை.
உத்தரம் போட வழியில்லாமல்
கல்லையே வளைத்திருக்கிறார்கள்.
கீழே ஆட்டுக்கொட்டடி: பதினெட்டு மீட்டர் வளைவு,
ஓர் ஆணி கிடையாது.
அதன் முதுகில் வீடு.
வீட்டின் முதுகில் இன்னொரு வளைவு,
அதற்குமேல் கற்பலகைகள், மீன்செதில் மாதிரி.
கடைசி வரிசையில் ஒவ்வொன்றும்
ஒரு கன்றுக்குட்டி கனம்.

நான் நாடா பிடிப்பவன்.
நோட்டரி கொடுத்த தாளில் இரண்டே பெயர்:
ஃபுல்க்ரான், ஸெவெரின். அண்ணன், தங்கை.
சரிபாதி.

ஒரு மூலையும் தொண்ணூறு பாகை இல்லை.
மேற்குச் சுவர் அடியில் ஒரு மீட்டர் பத்து,
ஜன்னல் உயரத்தில் எண்பது,
நடுவில் எங்கே இளைத்தது என்று கண்ணுக்குத் தெரியாது.
வாசல் நிலைக்கல்லில் 1767.
கடைசி ஏழு முகம் திரும்பி நிற்கிறது.
செதுக்கியவனுக்கு எண் தெரியாதோ,
சம்பளம் வரவில்லையோ.
குறிப்பேட்டில் நானும் திருப்பியே எழுதினேன்.

கொட்டடி, களஞ்சியம், களம், முற்றம் அண்ணனுக்கு.
மேல்வீடும் சமையலறையும் தங்கைக்கு.
காலையில் சுலபமாகத்தான் தெரிந்தது.

ஜனவரியில் முந்நூறு ஆடுகளின் மூச்சு
வளைவைத் துளைத்து மேலே வரும்,
செருப்பில்லாமல் நடப்பேன் என்றாள்.
ஆடு அண்ணனுடையது.
சூட்டை எந்தப் பத்தியில் எழுதுவது?

வெளியே போனோம்.
பன்றித்தொழுவம், மூன்று அறை,
ஒன்றில் டிராக்டர் டயர்கள்.
புறாக் கோபுரம். அதன் இடுப்பைச் சுற்றி
எலி ஏற முடியாதபடி வழுவழுத்த கல் வளையம்.
களம், பதினோரு மீட்டர் வட்டம்,
பாவிய கல்லின் இடுக்கெல்லாம் காட்டுத் தைம்.
மிதித்தால் மணக்கிறது.
இதை எழுதவில்லை.

ரொட்டி அடுப்பில் முதல் சண்டை.
அடுப்பின் வாய் சமையலறையில்;
வயிறோ சுவரைத் தாண்டி
ஃபுல்க்ரானின் முற்றத்தில் பிதுங்கி நிற்கிறது.
தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறுதான்.
ஆனால் ஒரே அடுப்புக்கா?
மாவு அவள் போடுவாள், புகை எனக்கு என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.

பிறகு தண்ணீர்.
ஊற்று இல்லை. கிணறும் இல்லை.
விழுகிற மழையை மேடு ஒரே மடக்கில் விழுங்கிவிடும்.
கூரை பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு:
களஞ்சியத்தின் பலகைகள், ஓரத்தில் கல்வாய்க்கால்,
சுவருக்குள் ஒளிந்து இறங்கும் குழாய்,
சமையலறைக்குப் பின்னே பாறைக்குள் தொட்டி.
கூரை அவனுக்கு.
தொட்டி அவளுக்கு.
நான் வரைந்த கோடு வாய்க்காலை
இரண்டாவது கல்லில் வெட்டியது.

அந்த ஒரு கல்லை எடுத்தால் போதும்,
தண்ணீர் என் பக்கம் வரும் என்றான்.
எடுத்துப் பார் என்றாள்.
மிரட்டலா அனுமதியா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஏணி வைத்து ஏறினான், கடப்பாரையோடு.
கீழே நாங்கள் இருவரும் காபி குடித்தோம்.
மேலே கல்லில் இரும்பு படும் சத்தம்,
அப்புறம் சத்தமில்லை,
அப்புறம் வெகுநேரம் ஏதோ சுரண்டும் சத்தம்.

இறங்கியபோது கையில் கல் இல்லை.
ஒரு கூடைப் பாசி, உடைந்த ஓட்டுத்துண்டு,
காய்ந்துபோன குருவி ஒன்று.
இதுதான் அடைத்திருக்கிறது,
இரண்டு வருஷமாய்த் தொட்டி நிறையாததற்கு என்றான்.
குடிக்கிற தண்ணீரிலா என்று
அவள் குருவியை வாலைப் பிடித்துத் தூக்கினாள்.
கடப்பாரை மேலேயே கிடந்தது.
எடுக்க யாரும் போகவில்லை.

அறிக்கையில் தொட்டிக்கு நேரே
ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன்.
திருத்தச் சொல்லி நோட்டரி
இரண்டு கடிதம் எழுதிவிட்டார்.
அந்த ஏழையும் நேராக்கச் சொல்கிறார்.