நூற்று நாற்பது யூரோ

நவம்பர் கடைசி. தார்த்துவில்
மூன்றரை மணிக்கே சூரியன் கடையைச் சாத்திவிடுகிறது.
ஆற்றங்கரைப் பாதையெங்கும் கண்ணாடிப் பனி.
போன வருடம் அதில் விழுந்த என் இடது முழங்கை
இன்னும் ஒவ்வொரு குளிரையும் முன்கூட்டியே அறிவிக்கிறது.

காருக்குக் குளிர்கால டயர்,
தானெலுக்குப் பனிச்சறுக்குக் காலணி
(வருடத்துக்கு ஓர் அளவு வளர்கின்றன அவன் கால்கள்,
என் சம்பளத்துக்கு அந்தப் பழக்கமில்லை)
எல்லாம் போக உறையில் மிச்சம்
நூற்று நாற்பது யூரோ.

"நகராத சைக்கிளுக்கா?"
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி உர்மாஸ்.
நகரும் காருக்கு நீ கொட்டியதை
நான் என்றாவது கேட்டேனா?
கேட்டதில்லை.
இப்போது கேட்டேன்.

கடையில் முதலில் கண்ணில் பட்டது
பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் ரகம்.
திரையில் மலை வந்தால் காலிலும் மலை வருமாம்.
சத்தம், தூங்கும் பூனை அளவு.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், அறுநூறு.
யாரும் பார்க்காதபோது
மறுபடி திருப்பி வைத்தேன்.

மூன்று உருளை மட்டும் கொண்டது எண்பது.
"சமநிலை நன்றாகப் பழகும்" என்றான் கடைப் பையன்.
எங்கள் கூடத்தில்
ஒரு பக்கம் கண்ணாடி அலமாரி, மறு பக்கம் ரேடியேட்டர்.
எந்தப் பக்கம் விழுவது என்று
நாற்பத்தாறு வயதில் தேர்ந்தெடுக்க மனமில்லை.

எண்ணெய் நிரப்பியது
மிதிக்க மிதிக்கத் தானே இறுகும். இருநூற்றுப் பத்து.
காந்தம் வைத்தது
கம்பியை இழுத்து நாமே இறுக்க வேண்டும். தொண்ணூற்றைந்து.

வாங்காமல் வெளியே வந்தேன்.
ரயிலடிக்குப் பின்னால் ஹெல்துர் என்பவர்
எண்ணெய் ரகம் ஒன்றை அறுபதுக்குத் தருவதாகச் சொன்னார்.
"மூன்று வருடமாக இதன் மேல்
சட்டைதான் காயப்போடுகிறேன்."
அந்த நேர்மை பிடித்திருந்தது.
தானமாக வந்த மாடில்லையே, பல்லைப் பார்க்கலாம் என்று
குனிந்து உருளையைச் சுழற்றினேன்.
அடியில், தரையில்,
நாணயம் அளவுக்கு ஒரு கருப்பு ஈரம்.
"அது கார் ஒழுகியது" என்றார்.
அவருடைய காரேஜில்
கார் எதுவும் இல்லை.
வாசலில் கூட.

ஆக, காந்தம். விரலுக்கேற்ற வீக்கம்.
சாதா டயரை உருளை மாவாக அரைத்துவிடும் என்பதால்
இதற்கென்றே ஒரு முரட்டு டயர், இருபத்தெட்டு.
கையில் பதினேழு.
அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பு முப்பத்தைந்து.
விட்டுவிட்டேன்.

அந்த முப்பத்தைந்து
மறுநாள் காலை ஆறு பத்துக்குக் கதவைத் தட்டியது.
கீழ்வீட்டு விர்வே, இரவு அங்கியில்:
"இந்த நேரத்தில் என்ன தைக்கிறாய்?"
காட்டினேன். வியர்வையோடு நின்றேன்.
சுற்றி வந்து பார்த்தாள். குதிரைச் சந்தையில் பார்ப்பதுபோல்.
"இவ்வளவு மிதித்தும் இங்கேயே இருக்கிறாயா?"
பிறகு கீழே போய்
குளியலறைக் கம்பளம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.
"இரண்டாக மடித்துப் போடு.
ஆறு மணி வேண்டாம். ஏழுக்கு நான் வானொலி வைப்பேன்,
அதற்குள் ஒளிந்துகொள்."

இப்போது ஏழு மணி என்றால்
கடல் வானிலை அறிக்கை.
எனக்குக் கப்பலும் இல்லை, கடலும் தூரம்.
வளைகுடாவில் காற்று கூடுகிறது என்று கீழே குரல் கேட்டால்
கம்பியை ஒரு படி இறுக்கிக்கொள்கிறேன்.

வாங்கி மூன்றாம் வாரம், வியாழன்.
இருட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
கால் மிதிகட்டைக்கு எட்டவில்லை.
இருக்கை இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது.
கைப்பிடியில் லேசாக வெண்ணெய்ப் பிசுக்கு.

உள்ளறையில் உர்மாஸ் குறட்டை விட்டான்,
கொஞ்சம் அதிகமாகவே.

எதுவும் கேட்கவில்லை.
திருகைத் தளர்த்தி, இறக்கி,
ஏறினேன்.