வானம் தோண்டுதல்

கழனிவாசல் முக்கில் என் கடை.
ஐந்து கணினி, மூன்றுதான் ஓடும்.
ஸ்கேன் பத்து ரூபாய்,
விண்ணப்பம் அறுபது,
அழுகைக்குக் காசு வாங்குவதில்லை.

மே மாசம் முழுக்க
ஓடிபி வந்துச்சா வந்துச்சா என்று கேட்டே
தொண்டை கட்டிவிட்டது.
வள்ளிமயிலின் ஓடிபி
சிங்கப்பூரில் அண்ணன் போனில் போய் விழும்.
ஷிப்ட் முடிந்து அவன் பார்ப்பதற்குள்
பக்கம் செத்துவிடும்.
பெயர், முகவரி, வருமானம் என்று
மூன்று முறை முதலிலிருந்து தட்டினோம்.

பொறியியலுக்கு ஒன்று, கலைக்கல்லூரிக்கு ஒன்று.
பிறகு பையிலிருந்து எடுத்தாள்
நாலாய் மடித்த வழவழப்புத் தாளை.
லண்டன் பக்கம். கட்டடக்கலை.
பன்னிரண்டு வருஷம் படித்தது போதாதாம்,
முதலில் ஒரு வருஷம் ஃபவுண்டேஷன்.
கட்டணம் பவுண்டில்.
அவள் அதைப் பவுன் என்று வாசித்தாள்.
தப்பில்லை.

நகக்கண்ணில் சிமெண்டோடு
பிரிண்டர் ஓரமாய் நின்ற சேவுகன் கொத்தனார்,
அவள் அப்பா, கேட்டார்:
"ஃபவுண்டேஷன்னா?"
"அஸ்திவாரம்ணே."
"அதுக்குத் தனியாக் காசா?"
"ஆமா."
"நியாயந்தான். வானம் தோண்ட
நாங்களும் தனிக்கூலிதான் வாங்குறோம்."

எங்கள் பக்கம்
கடைக்கால் குழிக்கு வானம் என்று பேர்.

ஏஜெண்டைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.
சீட்டு உறுதி, விடுதி உறுதி,
விசாவும் கிட்டத்தட்ட உறுதி.
சேவுகன் குறுக்கே விழுந்தார்:
"தம்பி, அஸ்திவாரம் போட்டப்புறம்
அந்த ஒரு வீட்டைத்தான் எழுப்பணுமா?
பிடிக்கலைன்னா அது மேலயே
வேற வீடு கட்ட விடுவாங்களா?
பாதியில திரும்பி வந்துட்டா
அந்தக் குழிக்கு இங்க என்ன மதிப்பு?"

லைனில் ஏசி இரைந்தது.
"செக் பண்ணிச் சொல்றேன் சார்."

ஏழு வருஷமாய் விண்ணப்பம் தட்டுகிறேன்,
இதை ஒருநாளும் கேட்டதில்லை நான்.
தாளின் அடியில் நட்சத்திரம் போட்ட பொடி எழுத்தைப்
பெரிதாக்கி மூவரும் படித்தோம்:
அறுபது விழுக்காட்டுக்குக் குறைந்தால்
இடம் உறுதியில்லை.

வள்ளிமயில் ஒன்றும் பேசவில்லை.
பக்கத்துக் கணினிக்கு நகர்ந்து
வேறு மூன்று பல்கலைக்கழகங்களுக்கு
அவளே மின்னஞ்சல் எழுதினாள்,
இந்த ஒரு வருஷத்தை நீங்கள் ஏற்பீர்களா என்று.
ஓரிடத்தில் ஸ்பெல்லிங் பிழை.
நான் வாயைத் திறக்கவில்லை.

சேவுகன் அறுபது ரூபாயை எண்ணி
மவுஸ் பக்கத்தில் வைத்தார்.
"விண்ணப்பம் இன்னும் போகலையேண்ணே."
"தோண்டுன வரைக்கும்" என்றார்.