கேட்காத பக்கம்

படகில் ஏறியதும் முன்பலகையில் உட்கார்ந்து
செத்த காதை என் பக்கம் திருப்பி வைப்பான்
என் தம்பி எவாரிஸ்தோ.
நாற்பத்தொரு வருடமாய்ப் பூட்டிக் கிடக்கும் கடை அது.
அவன் மனைவி ரொசாரியோவுக்குப் போய்விட்டதைப் பற்றி,
சர்க்கரைக்கு மாத்திரை போட்டானா என்று,
கூரைத் தகரத்துக்கு வாங்கிய கடன் என்ன ஆயிற்று என்று
நான் அந்தக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்பேன்.
"என்ன?" என்றுகூடக் கேட்கமாட்டான்.

இன்றைக்கு மோட்டாரை அவனே பிடித்தான்.
"நீ முன்னால போ சுல்மா, முதுகு வலிக்குது" என்றான்.
யார் முதுகு என்று சொல்லவில்லை.

பரனா ஆறு இந்த மாதத்தில்
செங்கல் கழுவிய தண்ணீர்.
மேற்கே தீவு, தீவின் தலைமேல் சூரியன்.
ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று
ஒற்றைக் கொக்கை ஏற்றிக்கொண்டு தெற்கே போனது.
டிக்கெட் வாங்கிய மிடுக்கோடு நின்றது கொக்கு.

எங்கள் நங்கூரம், சிமெண்ட் ஊற்றிய பெயிண்ட் டப்பா.
இறக்கினோம்.
கயிறு ஓடி, ஓடி, நின்றது.
மூன்று நாள் ஊறிப் புளித்த மக்காச்சோளம்
முள்ளில் ஒன்று, தண்ணீரில் ஒரு பிடி.
போகா மீனுக்கு அந்த நாற்றம் என்றால் உயிர்.
என் கையைவிட்டுப் போக இரண்டு நாள் ஆகும்.

முதல் கடி பிரானா.
தூண்டில் நரம்பைக் கத்தரித்துக்கொண்டு போனது.
இரண்டாவது கடியும்.
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டினேன்.
குழலை உறிஞ்சி முடித்துத் திருப்பித் தந்தான்,
நன்றி சொல்லவில்லை.
எங்கள் பக்கம் நன்றி என்றால்
போதும், இனி வேண்டாம் என்று பொருள்.

கொசு இறங்கும் நேரம்.
அவனுடைய வலது காது, நல்ல காது,
மிச்சமிருந்த வெளிச்சத்தில் என் பக்கம் இருந்தது.
அதில் நரைமயிர் முளைத்திருந்தது.
எப்போது முளைத்தது?

சொல்லிவிட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் இரவு
பட்டாசை எறிந்தது நிகாசியோ இல்லை, நான்.
எனக்குப் பன்னிரண்டு, உனக்கு எட்டு.
உன்னைப் பயமுறுத்தத்தான் எறிந்தேன்.
திரியைக் கொளுத்திய தீப்பெட்டியை
அவன் சட்டைப்பையில் போட்டதும் நான்தான்.
அவன் அப்பா பெல்ட்டால் அடித்ததை
வேலி இடுக்கில் நின்று எண்ணினேன்.
பதினான்கு.
என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள்.
வருடத்துக்கு நான்கு டயர் வாங்குகிறேன்
அவன் கடையில்.

இதைச் சொல்லி முடிக்க
ஒரு குடுவை ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"ஷ்ஷ்" என்றான் எவாரிஸ்தோ.
நரம்பு அவன் சுட்டுவிரல்மேல் கிடந்தது.
ஆற்றின் அடியில் நடப்பதையெல்லாம்
அந்த விரலால்தான் கேட்பான்.
"கொத்துது. சத்தம் போடாதே."

கோல் வளைந்தது.
மீன் ஆழத்துக்கு இழுத்தது, படகின் மூக்கு திரும்பியது.
வலையைத் தாழ்த்தினேன், கை நடுங்கித் தவறவிட்டேன்.
திட்டுவான் என்று நினைத்தேன்.
திட்டவில்லை. அதுதான் என்னவோபோல் இருந்தது.
இரண்டாம் தடவை அள்ளினேன்.
பலகைமேல் விழுந்து அறைந்து அறைந்து அடங்கியது,
மூன்று கிலோ தாராளம்.

பிறகு ஒரு சின்னது.
சாணில் அளந்து பார்த்துத் திரும்ப விட்டான்.

இருட்டில், நான்காவது இழுப்பில் மோட்டார் எழுந்தது.
அந்த இரைச்சலில்
நல்ல காது, செத்த காது எல்லாம் ஒன்றுதான்.
கோயா துறைமுகத்தின் விளக்குகள் வரும்வரை
அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

படகைக் கரையேற்றிய பின்
பெரிய மீனின் செவுளில் விரலைவிட்டு நீட்டினான்.
"டயர் கடையில கொடுத்துட்டு வா.
தலையோட.
சுத்தம் பண்ணாதே, அவனே பண்ணிக்குவான்."

நிகாசியோ ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்துவான்.
இப்போது எட்டேமுக்கால்.
மீன் கனக்கிறது. சைக்கிள் வீட்டில் இருக்கிறது.