இருபதாவது கோது

பெட்டியைத் திறந்ததும்
புதுச் சப்பாத்துக் கடை மணம்.
எண்ணெய்த் தாளுக்குள் செமி ஓட்டோமெட்டிக்,
இலக்கத் தகட்டில் இன்னும் ஒரு கீறல் இல்லை.
கொண்டவட்டுவான் குளத்துக்கு அந்தப் பக்கம்
மண் அணையில் சாய்ந்தபடி ஆறு அட்டை மனிதர்கள்
இந்த அம்பாறை வெயிலிலும்
வியர்க்காமல் நிற்கிறார்கள்.

சார்ஜன் தென்னக்கோன் எண்ணித் தருகிறார்,
இருபது சன்னம்.
எண்ணித் திருப்பவேண்டும்,
இருபது வெற்றுக் கோது.
படிவம் சிங்களத்தில்,
கையெழுத்து தமிழில்,
அடியில் ஒரு காபன் தாள்
இரண்டையும் ஒரே நீலத்தில் பிரதி எடுக்கிறது.

நான் இடக்கைக்காரி.
சோற்றுக்கு மட்டும் வலக்கை,
அது அம்மாவின் அகப்பைக் காம்பால் வந்தது.
துவக்குக்கு யாரும் அடித்துப் பழக்கவில்லை,
இடத் தோளில் வைத்தேன்.
"நங்கி, இது வலக்கை ஆளுக்குச் செய்தது.
கோது உன் முகத்துக்குக் குறுக்கால பாயும்."
பாயட்டும் என்றேன்.

பழையதில் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு
கம்பியை இழுத்துத் தள்ளவேண்டும்.
அந்த இழுவைக்குள் ஒரு மூச்சு இருந்தது,
சுட்டதைப் பற்றி யோசிக்க
அரைச் சாண் இடம்.
இது தானாகச் சுடாது.
தானாகத் தயாராகும்.
ஒவ்வொரு தடவையும் விரலைத்தான் கேட்கிறது,
விரல் பதில் சொல்லி முடிக்குமுன்
மறுபடியும் கேட்கிறது.

வெல்லாவெளியில் ஏழு வயதில்
சத்தத்தை வைத்தே சொல்வேன்:
என்ன துவக்கு, எவ்வளவு தூரம்,
பாயை விட்டு எழும்புவதா, கிடப்பதா.
ஒரு தடவையும் பிழைத்ததில்லை.
ஆனால் இந்தப் பக்கத்தில் நின்று கேட்பது புதிது.
காதுக்கு வருமுன்
தோளுக்கு வந்துவிடுகிறது.

இருபதும் சுட்டேன்.
மூன்றாம் அட்டை மனிதனின் நெஞ்சில்
உள்ளங்கையால் மூடக்கூடிய துளைகள்.
"கெட்டிக்காரிதான்கா நீ" என்றாள்
சம்மாந்துறைச் சிபானியா.

மறுகா எண்ணினோம்.
பத்தொன்பது.

ரேஞ்ச் மூடப்பட்டது.
ஏழு ஆண்கள் முழங்காலில் நின்று
புல்லைத் தலைமயிர்போல் வகிர்ந்து பார்த்தார்கள்.
ஒருவன் விளக்குமாறு கொண்டுவந்தான்.
பிளேன்ரீ ஆறியது.
குளத்திலிருந்து ஏறிய எருமையொன்று
வேலியோரம் நின்று
எங்களை மேய்வதுபோல் பார்த்தது.
சார்ஜன் ஏசவில்லை.
பென்சனுக்கு எட்டு மாதம் என்று மட்டும்
தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்று எங்கள் வளவில்
விடிந்ததும் பொறுக்குவோம்,
பூவரச மரத்தடியில், கிணற்றுக் கட்டில்,
ஒருநாள் ஆட்டுக்குட்டியின் தண்ணீர்ச் சட்டிக்குள்.
பித்தளைக்காரன் சைக்கிளில் வருவான்.
கிலோ நிறுத்துக் காசு தருவான்.
அந்தக் காசில் அண்ணன் குபேந்திரன் கச்சான் வாங்கி
உடைத்து உடைத்து எறிவான்.
அந்தக் கோதையும் யாரும் எண்ணவில்லை,
இந்தக் கோதையும் யாரும் எண்ணவில்லை.
படிவத்தோடு ஒருவரும் வரவில்லை.

கக்கூசுக்குப் போனபோதுதான் கண்டேன்.
காரை எலும்பில் எரிந்ததை
முசுறு கடித்தது என்றிருந்தேன்.
கழுத்தால் புகுந்து
உள்சட்டைக்குள் இறங்கி
என் சூட்டிலேயே கிடந்திருக்கிறது,
நுங்கு விரல்போல் மினுமினுத்துக்கொண்டு.

வெளியே ஏழு ஆண்கள் முழங்காலில்.
எப்படிச் சொல்வது, எங்கிருந்து எடுத்தேன் என்று?

சிபானியா கையை நீட்டினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சார்ஜனின் சப்பாத்துக்குப் பின்னால் நடந்துபோய்
குனிந்து, நிமிர்ந்து,
"இந்தா கிடக்கு சேர்!" என்றாள்.
பள்ளி நாடகத்தில் ராணி வேசம் போட்டவள் அவள்.

சார்ஜன் அதைத் துடைத்தார்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
பத்தொன்பதை வெட்டி இருபது என்று எழுதினார்.
வெட்டிய இடத்தில் நானும் ஒரு கையெழுத்து.

இனிச் சிபானியாவின் முறை.
கிடந்து, முழங்கையை மண்ணில் ஊன்றுமுன்
அவள் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டுகிறாள்,
அவள் வலக்கைக்காரிதான்,
என்றாலும்.