காலரின் உள்பக்கம்

வெந்நீர் கூடாது.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
பதறிப்போய் எல்லோரும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.
சூடு பட்டால் முகப்பூச்சு நூலுக்குள் குடியேறிவிடும்,
அப்புறம் காலி பண்ணவே பண்ணாது.

சயான் கோலிவாடா, ரயில்வே சுவரை ஒட்டிய
பெட்னேகர் லாண்டரியில்
கறை மேசை என்னுடையது.
ஒரு டியூப்லைட், பழைய டூத்பிரஷ் இரண்டு,
பாத்திரம் கழுவும் சோப்புநீர், ஸ்பிரிட் பாட்டில்,
எண்ணெயைக் குடிக்க ஒரு டப்பா பவுடர்.

லிப்ஸ்டிக்கைத் தேய்க்காதே, ஒற்று.
கண்மையை வெளிவட்டத்திலிருந்து உள்ளே
கோழியைக் கூண்டுக்கு விரட்டுகிற மாதிரி
மெல்ல நெருக்கு.
ஃபவுண்டேஷனுக்கு மட்டும் துணியைக் கவிழ்த்து
முதுகுப்பக்கமிருந்து தண்ணீர் விடு,
வந்த வழியே போகட்டும்.

பதினோரு வருஷம்.
வெள்ளைக் குர்தாவின் இடது தோளில்
மையும் மூக்குநீரும் கலந்திருந்தால்
பெண்ணை அனுப்பிவைத்த அப்பா.
தலையணை உறையில் இரண்டு கண்ணும் அப்படியே இருந்தால்
கடைசி லோக்கலில் வந்து
முகம் கழுவாமல் விழுந்தவள்.

டோக்கன் 417.
வாராவாரம் ஐந்து சட்டை,
வெளிர்நீலம் மூன்று, வெள்ளை இரண்டு.
காலரில் கோதுமை நிறக் கறை.
இஸ்திரி போடும் லக்கன்பாய் கண்ணடிப்பார்:
"கர்மர்கர் சாருக்கு
வீட்டில் ஒன்று, ஆபீஸில் ஒன்று."
டெலிவரிப் பையன் அவளுக்குப் பேரே வைத்தான், ரூபாலி.
குர்லாவில் ஒற்றை அறை பார்த்துக் கொடுத்தான்.
மழையில் வேலை குறைந்த நாட்களில்
அவள் இரண்டுமுறை கோபித்துக்கொண்டும் போனாள்.

நான் வாய் திறக்கவில்லை.
கட்டிப்பிடித்தவளின் கன்னம்
காலருக்கு வெளியேதானே படும்?
இது உள்பக்கம்.
பிடரியில் தொடங்கித் தொண்டைவரை ஒரே சுற்று,
குடத்துக்குள் தண்ணீர் நின்ற கோடுபோல.
வலது மணிக்கட்டு விளிம்பிலும் அதே நிறம்.
பூசிய கை அவருடையது,
பூசிக்கொண்ட கழுத்தும்.

வெண்புள்ளியாக இருக்கலாம். தீக்காயமாக இருக்கலாம்.
பச்சை குத்திய பேர் வேண்டாமல் போயிருக்கலாம்.
கண்ணாடிமுன் நின்று பூசிக்கொள்ள
அவருக்குப் பிடித்தும் இருக்கலாம்.
எனக்குக் கூலி கறைக்கு.
காரணத்துக்கு இல்லை.

ஆனாலும் அவர் சட்டைகளை மட்டும்
லக்கன்பாய் டீக்குப் போனபிறகுதான் விரிப்பேன்.
பிரஷ் வேண்டாம், விரல் போதும்.
நிறம் நகர்ந்து நகர்ந்து
அடியில் விரித்த துணிக்கு இறங்கும்.

ஒரு வாரம் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக வந்தது.
கடையில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.
எந்தக் கவுண்டரில் நின்று கேட்டிருப்பார்,
மனைவிக்கு என்று சொல்லியா,
மனைவியின் நிறம் என்ன என்று கேட்டபோது
புறங்கையை நீட்டியா?
மறுவாரம் பழைய கோதுமை.
எனக்கு ஏனோ நிம்மதி.

கணபதியைக் கரைத்த வாரம்
ஐந்து காலரும் சுத்தமாக வந்தன.
வியர்வை, ஊரில் எல்லோருக்கும் உள்ள பழுப்பு,
வேறொன்றும் இல்லை.
"முடிந்தது. ரூபாலி போய்விட்டாள்," என்றார் லக்கன்பாய்.
பையன் நிஜமாகவே அன்று சரியாகச் சாப்பிடவில்லை.
நான் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கழுத்து வெளியே வந்துவிட்டதா?
இல்லை, துணியில் ஒட்டாத ஜாதிப் பூச்சு,
விலை கூடினது, வாங்கிவிட்டாரா?

சனிக்கிழமை அவரே வந்தார் மூட்டையை எடுக்க.
வெளியே அடைமழை.
மழைக்கோட்டின் பொத்தான் தாடைவரை.
"உங்கள் கையில் ஒரு கறையும் நின்றதில்லை,"
என்றார் இந்தியில், தரையைப் பார்த்து.
நானும் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்,
"வீட்டில் துவைத்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள்.
உள்பக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்."

நிமிர்ந்தார்.
ரயில் ஒன்று போய் முடிகிறவரை நின்றார்.
"சரி," என்றார்.

பன்னிரண்டு ரூபாய் மீதி வாங்காமல் போய்விட்டார்.
சீட்டின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.