திருகு மரை

கேள்வி நான்கு:
ஒரே அடுப்பில் உண்பவர் எத்தனை பேர்?
நம்புத்தாய் விரல் மடக்கி எண்ணுகிறாள்.
துணி சுற்றிச் சுற்றி நுனியெல்லாம் வெளுத்த விரல்கள்.
அஞ்சு. இல்லை, நாலு.
மூத்தவன் மங்களூர் போட்டில் இருக்கிறான்.
அங்கே உண்கிறான், இங்கே அனுப்புகிறான்.
அப்படி ஓர் ஆளுக்கு
என் டேப்லெட்டில் கட்டம் இல்லை.

டிவி? இருக்கு.
மிக்ஸி? இருக்கு.
கிரைண்டர்? இருக்கு, ஓடாது,
மேலே மண்ணெண்ணெய் கேன் வைத்திருக்கிறோம்.
அரசாங்கம் கொடுத்த அதே மிக்ஸி.
சின்னப்பாலத்தில் இன்று காலை
இது பதினோராவது.
டிக் போடும்போதுதான்
புருல் எஜேயின் நாற்காலி ஞாபகம் வந்தது.

பிஷ்கேக்கில் ஆறு வருஷம் மருத்துவம்.
வல்லத்தில் இருந்த பாதிப் பங்கை அப்பா விற்றார்.
திரும்பி வந்து எழுதிய தேர்வில்
முதல்முறை நாலு மார்க் போதவில்லை,
அடுத்த முறை ஏழு.
இப்போது வீட்டுக்கு இவ்வளவு என்று
கேள்வி கேட்கும் வேலை.

புருல் எஜே வீட்டுப் பின்னறையில்தான் குடியிருந்தேன்.
முன்னே எங்கள் தெருவில்
எல்லார் வீட்டிலும் ஒரே நாற்காலி, என்பாள்.
திருகு தொலைந்தால்
அடுத்த வீட்டு நாற்காலியில் கழற்றிக்கொள்ளலாம்.
பெருமையாய்ச் சொல்கிறாளா, நொந்துகொள்கிறாளா,
என் அரைகுறை ருஷ்யனுக்குப் பிடிபட்டதே இல்லை.

பிறகு ஒரு டிசம்பரில் அந்த நாடு இல்லாமல் போனது.
பல்பு ஆலை இனி உங்களுடையது என்று
ஆளுக்குக் கொஞ்சம் பங்குச் சீட்டு கொடுத்தார்கள்.
ஃபோர்மேன் ஒருவன்
கோதுமை மாவு ஏற்றிய வண்டியோடு வீடு வீடாய் வந்தான்.
மூட்டைக்கு நாலு சீட்டு.
குளிர்காலம்.
எல்லோரும் கொடுத்தார்கள்.

அதன்பின் ஏழு மாசம்
சம்பளத்துக்குப் பதில் பல்பு.
நூறு வாட், பெட்டிக்கு நூற்றைம்பது.
நெடுஞ்சாலை ஓரம் பல்பும் கையுமாய்
ஆலையே வரிசையில் நின்றது.
எதிர்ச்சாரியில் அடுத்த ஊர்க்காரர்கள்.
அவர்களுக்குச் சம்பளம் பீங்கான் தட்டு.
நடுவே எப்போதாவது ஒரு கார் போகும்,
நிற்காது.
அது யார் கார் என்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

கேள்வி முப்பத்தொன்று: மாத வருமானம்.
அமாவாசைக்கு ஆறு நாள்,
பௌர்ணமிக்கு ஆறு நாள் பாசிக்குப் போவேன்.
வாடை வீசினால் அதுவும் இல்லை.
மரிக்கொழுந்து காய்ந்தால் பத்துக்கு ரெண்டுதான் நிற்கும்.
அதிலும் ஏஜெண்ட் முன்பணத்தைக் கழிப்பார்.
ஏஜெண்ட் வீடு எது என்று கேட்கத் தேவையில்லை,
நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது,
மாடியில் பச்சைக் கண்ணாடி.
அவரும் தகரத்தைக் காலில் கட்டிக்கொண்டு
குதித்துக் கிடந்தவர்தானாம்.
அவர் வீட்டு மிக்ஸியும் அதேதான்,
வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

எல்லா வீட்டையும் கூட்டி வகுத்தால்
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓர் எண் கிடைக்கும் என்று
ராமநாதபுரத்தில் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
பூஜ்யம் என்றால் எல்லோரும் சமம்.
எதில் சமம் என்று கேட்க வாய் திறந்தேன்.
மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

சேமிக்கப் போனால் திரை சிவக்கிறது:
செலவு, வரவைவிட அதிகம். சரிபார்க்கவும்.
சரியாத்தான் சொன்னேன், என்கிறாள் நம்புத்தாய்.
தெரியும், என்கிறேன்.
ஐந்நூறைக் கூட்டுவதா, குறைப்பதா என்று
விரல் திரைமேல் நிற்கிறது.

வெளிச்சத்துக்கு என்ன வசதி?
கரண்டுதான், எழுதிக்க.
கரண்ட் போனதால்தான்
வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

புருல் எஜே கொடுத்த பல்பு ஒன்று
காலுறைக்குள் சுற்றியபடி என் பீரோவில் கிடக்கிறது.
திருகு மரை.
நம்மூர் ஹோல்டர் குத்தித் திருப்புவது.
அது எரியுமா என்று
இன்றுவரை தெரியாது.

எழுந்து மண்ணைத் தட்டுகிறேன்.
இதுக்கு உனக்கு என்ன தர்றாங்க?
வீட்டுக்கு நூத்தி இருபது.
எங்க வீட்டுக்குமா?
ஆமா.
கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கிறாள்.
நீர் வற்றத் தொடங்கிவிட்டது.

வீடு என்னோடது.
சொன்னதும் நான்.
அதுல எனக்கு?