பாதிக் கடலில்

பாதிக் கடலில் எஞ்சின் நின்றது.
பட்டர்வொர்த் விளக்குகள் முதுகுக்குப் பின்னால்,
கொம்தார் கோபுரம் எதிரே,
இரண்டுக்கும் நடுவே
எழுபது மோட்டார் சைக்கிள்களும் நாங்களும்.

ஏழு மணிக்கு ஜெலுத்தோங் எண்ணெய் நிலையத்தில்
நான் கல்லாவில் உட்கார வேண்டும்.
மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன்: ஃபெர்ரி நின்றுவிட்டது.
எண்ணெய் தீர்ந்து போச்சா என்று கேட்டு
ஒரு சிரிப்பு முகம் போட்டார்.

அதை வாய்விட்டுப் படித்ததுதான் தப்பு.

பக்கத்தில் நின்ற யோகவதிக்கு
பிறையில் வாயு ஆலை வேலை.
"ஹைட்ரஜன் வந்தால் இந்தக் கேள்வியே இல்லை, அக்கா.
கரும்புகை கிடையாது.
புகைக்குழாயில் தண்ணீர்தான் சொட்டும்."
"பிடித்து மைலோ கலக்கலாமா?"
என்றது ஏதோ ஒரு ஹெல்மெட்.
அவள் சிரிக்கவில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.
"கீழே பாருங்கள்,
நாம் மிதப்பதே எரிபொருள் மேல்."

எட்டிப் பார்த்தோம்.
ஒரு பாலிதீன் பை,
ஒரு ஜெல்லி மீன்,
எது எது என்று சொல்ல முடியாத வெளிச்சம்.

"தண்ணீரைப் பிளக்கக் கரண்டு யார் தருவார்?"
ஹெல்மெட்டைக் கழற்றியபோது அது லோகேந்திரன்,
பேருந்துப் பணிமனையில் பேட்டரி சோதிப்பவன்.
எல்லோர் கண்ணும் பிறைக்குத் திரும்பியது.
பிறை என்று பெயர் வைத்த ஊரில்
அன்று நிலா இல்லை.
மின்நிலையத்துப் புகைக்கூண்டின் உச்சியில்
சிவப்பு விளக்கு மட்டும்.

"அங்கே காஸை எரித்துக் கரண்டாக்கி,
கரண்டால் தண்ணீரைப் பிளந்து,
பிளந்ததைக் குப்பியில் அழுத்தி,
அழுத்தியதை மறுபடி கரண்டாக்கி...
மூன்று வெள்ளி போட்டு ஒரு வெள்ளி எடுக்கிற வியாபாரம்.
நேராகப் பேட்டரியில் ஊற்றிவிட்டுப் போயேன்."

"உன் பேட்டரி லாரி கேமரன் மலை ஏறுமா?
ஏறினாலும்
முட்டைக்கோசுக்கு இடம் மிஞ்சுமா?"

சாம்பல் ஹைட்ரஜன், நீலம், பச்சை என்று
பேச்சு நிறங்களுக்குப் போனது.
கண்ணுக்கே தெரியாத வாயுவாம்.
அதற்கும் பிறப்பைக் கேட்டுத்தான்
பெயர் வைக்கிறோம்.

ஆ ஹோக் அதுவரை தன் வண்டியின்
இரண்டு தகரடின்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.
பழைய எண்ணெய் வாங்குபவர்.
பீசாங் கோரேங் பொரித்தது, கோழி பொரித்தது,
தைப்பூசத்துக்கு மறுநாள்
தண்ணீர்ப் பந்தல்களில் மிஞ்சியது.
"நான் விக்கிறேன், அவன் வடி கட்றான்,
ஏரோப்பிளேன் பறக்குது லா" என்றார்.
உளுந்து வடையில் விமானமா என்று
நாங்கள் சிரித்த சிரிப்பில்
தொழுதுகொண்டிருந்த ஒருவர் திரும்பாமலே இருமினார்.
குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?
பத்து காசு ஏறினால்
நோட்டு என் முகத்துக்கு நேரே வரும்.
தலைக்குக் குளித்த பிறகும் பெட்ரோல் மணக்கிறது,
மகன் தள்ளிப் படுக்கிறான்.
போகட்டும், அந்த நாற்றம் போகத்தான் வேண்டும்.
ஆனால் எல்லோரும் வீட்டுச் சுவரிலேயே செருகிக்கொண்டால்
விடிகாலை மூன்று மணிக்கு
எந்த வெளிச்சத்துக்குக் கீழே
எனக்குச் சம்பளம்?
இதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.
நுரையீரலைப் பற்றிப் பேசும் இடத்தில்
வயிற்றைப் பற்றி எப்படி.

அப்போது அடித்தளம் அதிர்ந்தது.
இருமி, திணறி,
கன்னங்கரேலென்று ஒரு கொத்துப் புகை
கொம்தாரின் பாதி உயரத்தை அழித்தது.
கைதட்டினோம்.
முதலில் தட்டியவள் யோகவதி.
லோகேந்திரன் விசிலடித்தான்.

பலகை கரையைத் தொடவில்லை,
அதற்குள் எழுபது எஞ்சின்களும் உறுமின.
நெருக்கியடித்ததில் ஆ ஹோக்கின் ஒரு டின் சரிந்து
தளமெங்கும் வடை வாசம்.
காலை வழுக்காமல் ஊன்றி
வண்டியை மெல்ல உருட்டினேன்.

இருபத்திரண்டு நிமிடம் தாமதம்.
பசித்தது.